மரித்தோரைச் சுமந்த வண்டிகள்
(ஒரு வரலாற்றுக் கட்டுரை)

பங்கு விழா மலர் ஒன்றைக் கையில் எடுத்தால் கோயில் எழுந்த வரலாறு இருக்கும். பங்குத் தந்தையர் வரிசை இருக்கும். பக்த சபைகளின் அறிக்கைகள் இருக்கும். மணிக்கூண்டைப் பற்றி எழுதுகிறோம். தேரைப் பற்றியும் கொடிமரத்தைப் பற்றியும் எழுதுகிறோம். ஆனால் நம் முன்னோரையெல்லாம் கல்லறைத் தோட்டம் வரை சுமந்து சென்றதும், நாளை நம்மையும் சுமக்கப் போவதுமாகிய வண்டியைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. அதை ஏறெடுத்துப் பார்க்கவும் சிலர் அஞ்சுகின்றனர். வேலை முடிந்ததும் கொட்டகையில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

மரித்தோரை அடக்கம் செய்வது உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று என்று ஞானோபதேசத்தில் சிறுவயதிலேயே படித்தோம். அந்த இரக்கச் செயலுக்குக் கருவியாய் நின்ற வண்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவற்றைத் தேடிச் சேர்த்துப் பழுதுபார்த்துப் பாதுகாத்து வருவோரும் மேலைநாடுகளில் உண்டு. முதலில் கேட்போர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் சற்றுப் பொறுமையுடன் நோக்கினால், இதில் நாம் சிந்திக்க வேண்டியதும் கற்க வேண்டியதும் நிறைய இருப்பது விளங்கும்.

குதிரை வண்டிக் காலம்

ஆதியில் மனிதர் தோளிலேயே மரித்தோரைச் சுமந்தனர். ஊர் பெருகி நகரமானது, கல்லறைகள் கோயில் முற்றத்தை விட்டு நகர எல்லைக்கு வெளியே சென்றன, தூரம் கூடியது, வண்டி தேவைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் சவ வண்டி ஒரு பெரிய கலைப்பொருளாகவே வளர்ந்துவிட்டது. கண்ணாடிப் பக்கங்கள், செதுக்கிய தூண்கள், கறுப்பு இறகுக் கொத்துகள், குதிரைகளுக்கும் துக்க உடை என்று அதன் அலங்காரம் விரிந்தது.

இதற்குச் சிறந்த சான்று ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரம். கத்தோலிக்க நகரமாகிய அங்கு, இறந்தவரின் நிலைக்கும் குடும்பத்தாரின் வசதிக்கும் ஏற்பப் பல தரங்களில் வண்டிகள் இருந்தன. குழந்தைகளுக்கும் மணமாகாத கன்னியர்க்கும் வெள்ளை வண்டி. செல்வர்க்கும் புகழ்பெற்றோர்க்கும் பல குதிரைகள் பூட்டிய அலங்கார வண்டி. கணவனை இழந்தவள் தன் கண்ணீரைத் தெருவார் காணாதபடி அமர்ந்து செல்ல இருள் சூழ்ந்த மூடு வண்டி. இறப்பு எல்லாரையும் சமமாக்கும் என்று சொல்கிறோம். ஆனால் இறந்த பின்னும் கல்லறை வாசல் வரை ஏற்றத்தாழ்வைக் கொண்டு சென்றவன் மனிதன் என்பதற்கு இவ்வண்டிகளே சாட்சி. நல்லதையும் அல்லாததையும் ஒருங்கே காட்டுவதால்தான் பழம்பொருள்கள் நமக்கு ஆசிரியர்களாகின்றன.

மோட்டார் வந்த கதை

அமெரிக்காவில் மோட்டாரால் ஓடும் சவ வண்டி 1909-ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டிலேயே சிகாகோ நகரில் அத்தகைய வண்டியில் ஓர் அடக்க ஊர்வலம் நடந்தது. சின்சினாட்டி நகரின் கிரேன் அண்டு பிரீட் நிறுவனம் இவ்வண்டிகளை விற்பனைக்குச் செய்து தந்தது. தொடக்கத்தில் மக்கள் இதை விரும்பவில்லை. இறுதி ஊர்வலம் என்றால் மெல்ல நடக்க வேண்டும். இரைச்சலும் வேகமும் இறந்தவர்க்கு மரியாதைக் குறைவு என்று கருதினர். ஆயினும் இருபது ஆண்டுகளுக்குள் குதிரைகள் பெரும்பாலும் விடைபெற்றுவிட்டன.

பழக்கம் அவ்வளவு எளிதில் விடாது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. அமெரிக்கச் சவ வண்டிகளின் பின்பக்கத்தில், இருபுறமும் ஆங்கில ‘எஸ்’ எழுத்துப் போல் வளைந்த ஓர் உலோகப் பட்டையைப் படங்களில் காணலாம். ‘லாண்டோ’ என்னும் குதிரை வண்டியின் தோல்கூரையை மடக்கி விரிப்பதற்காக ஏற்பட்ட இரும்பு அது. கூரை இரும்பாக மாறி, மடக்க வேண்டிய தேவையே அற்றுப்போன பின்னும், அந்தப் பட்டை மட்டும் அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. குதிரை போய்விட்டது, குதிரை வண்டியின் நினைவு போகவில்லை.

1916-இல் பேக்கார்டு நிறுவனத்தின் அடித்தளத்தின்மீது ஒரு விசித்திரமான வண்டி செய்யப்பட்டது. சவப்பெட்டி, அதைச் சுமப்போர், துக்கம் கொண்டாடும் உறவினர் இருபது பேர் வரை, எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லும் அடக்கப் பேருந்து அது. மேடுபள்ளம் மிகுந்த சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒருநாள் செங்குத்தான மேட்டில் ஏறும்போது பாரம் பின்பக்கம் சாய்ந்து வண்டி நிலைகுலைந்தது என்றும், அதோடு அதன் ஊழியம் முடிந்தது என்றும் இன்று அதைப் பாதுகாத்து வருவோர் கூறுகின்றனர்.

பின்னாளில் இத்தொழில் ஒகையோ, இல்லினாய்ஸ் போன்ற மாநிலங்களின் சிற்றூர்களில் வேரூன்றியது. பிக்வா ஊரில் மில்லர்-மீட்டியர், லைமாவில் சுப்பீரியர், ஃப்ரீபோர்ட்டில் ஹென்னி, லவுடன்வில்லில் ஃபிளெக்சிபிள் என்று பட்டறைகள் பெயர் பெற்றன. காடிலாக் நிறுவனம் நீண்ட அடித்தளத்தையும் எஞ்சினையும் செய்து அனுப்பும். 1959-ஆம் ஆண்டு அடித்தளத்தில் முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே 13 அடி. அதன்மீது கூரை, நீண்ட கதவுகள், பெரிய கண்ணாடிகள், உள்ளே திரைச்சீலைகள் எல்லாவற்றையும் இப்பட்டறைத் தொழிலாளர் கையாலேயே பொருத்துவர். ஆலையில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்படும் கார் போன்றதன்று அது. தச்சரும் கொல்லரும் தையற்காரரும் கூடிச் செய்த பொருள்.

ஒரே வண்டி, இரண்டு ஊழியம்

சவ வண்டி, ஆம்புலன்ஸ், துக்க வீட்டாரை ஏற்றும் நீண்ட கார், மலர் வளையங்களைச் சுமக்கும் மலர் வண்டி ஆகிய அனைத்தையும் அமெரிக்கர் ‘புரொஃபெஷனல் கார்’ என்ற ஒரே பெயரால் அழைப்பர். சவ வண்டியையும் ஆம்புலன்ஸையும் ஏன் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். காரணம் உண்டு.

ஒரு மனிதனைப் படுத்த நிலையில் கொண்டு செல்லக்கூடிய வண்டி அக்காலத்துச் சிற்றூரில் ஒருவரிடம்தான் இருந்தது. அவர் அடக்கச் சடங்குகளை நடத்துபவர். ஆகவே விபத்து நேர்ந்தாலும், பிரசவ வேதனை என்றாலும், மக்கள் அவரைத்தான் அழைத்தனர். 1960-களில்கூட அமெரிக்காவின் ஆம்புலன்ஸ் ஊழியத்தில் ஏறக்குறையப் பாதி, அடக்க நிலையத்தார் கையில்தான் இருந்தது. அதற்கென்றே இருபயன் வண்டிகள் செய்யப்பட்டன. சவப்பெட்டி உருண்டு செல்வதற்கான தரை உருளைகளைக் கவிழ்த்தால் தரை சமமாகும். மடக்கி வைத்த இருக்கையை விரித்தால் உதவியாளர் உட்காருவார். கூரைமீது சிவப்பு விளக்கைப் பொருத்தினால் ஆம்புலன்ஸ் தயார். காலையில் ஒருவரைக் கல்லறைக்குக் கொண்டு சென்ற வண்டி மாலையில் மற்றொருவரை உயிர் பிழைக்க மருத்துவமனைக்குக் கொண்டு ஓடும்.

இந்த ஏற்பாடு அன்புள்ளதாயினும் போதுமானதன்று. வண்டியில் மருத்துவப் பயிற்சி பெற்றவர் இல்லை, கருவிகள் இல்லை, குனிந்த நிலையில்தான் உதவ முடியும். 1966-இல் அமெரிக்க அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இக்குறைகளை எடுத்துக்காட்டியது. 1974-இல் ஆம்புலன்ஸ்களுக்கு அரசு அளவுகோல் வந்தது. உயரமான வேன்கள் வந்தன. அடக்க நிலையத்தார் ஒதுங்கினர். 1977-இல் காடிலாக் கார்களும் அளவில் சுருங்கின. 1970-களின் முடிவோடு காரிலிருந்து செய்த ஆம்புலன்ஸ்களின் காலமும் முடிந்தது. எத்தனையோ உயிர்கள் அதனால் காக்கப்பட்டன. அதற்காக மகிழ வேண்டும். ஆனால் ஒரு தலைமுறைத் தொழிலும் அதனோடு மறைந்தது.

கைவிடப்பட்ட நாட்கள்

சவ வண்டிக்கு ஒரு வினோதமான விதி உண்டு. அது அதிகம் ஓடுவதில்லை, எப்போதும் கூரையின் கீழ் நிற்கும், நாள்தோறும் துடைக்கப்படும். ஆகவே எளிதில் கெடாது. ஆயினும் பெருநகர அடக்க நிலையத்தார் சில ஆண்டுகளுக்கொருமுறை புது மாதிரி வாங்குவர். பழையது சிற்றூருக்குப் போகும். அங்கிருந்து குழாய் வேலைக்காரர், பூக்கடைக்காரர், இசைக்குழு இளைஞர் என்று கைமாறும். கடைசியில், கார்களை ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் மைதானங்களில் உறுதியான சட்டம் கொண்ட இவ்வண்டிகள் நொறுக்கப்பட்டன. ஓர் ஊரின் தாய் தந்தையரையெல்லாம் சுமந்த வண்டி, கைதட்டலுக்கிடையே இரும்புக் குப்பையானது.

அலட்சியத்தால் மட்டுமன்றி, நெருப்பாலும் அழிவு வந்ததுண்டு. 1865-இல் கொலையுண்ட அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் உடலை ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் கல்லறைக்குக் கொண்டு செல்ல, செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து ஓர் அழகிய வண்டி இரவலாக வந்தது. 1887-இல் குதிரை லாயத்தில் பிடித்த தீயில் அது சாம்பலாயிற்று. அவர் உடலை வாஷிங்டனிலிருந்து சுமந்து வந்த ரயில் பெட்டியும் 1911-இல் தீக்கிரையானது. அவர் அடக்கத்தின் நூற்றைம்பதாம் ஆண்டாகிய 2015-இல் அந்த நாளை மீண்டும் நினைவுகூர விரும்பியவர்கள், பழைய நிழற்படத்தைப் பார்த்துப் பார்த்து அவ்வண்டியைப் புதிதாகச் செய்தனர். முன்னாள் படைவீரர் சிலரும் அந்தத் தச்சு வேலையில் கைகொடுத்தனர். வேலை அழகாகவே அமைந்தது. ஆனால் அது நகல். லிங்கனைச் சுமந்த மரம் அதில் ஒரு துண்டும் இல்லை.

காத்தவர்கள்

இத்தகைய வண்டிகளில் அக்கறை கொண்ட சிலர் 1976-இல் அமெரிக்காவில் ‘புரொஃபெஷனல் கார் சொசைட்டி’ என்ற சங்கத்தை அமைத்தனர். ஆண்டுதோறும் ஓர் ஊரில் கூடித் தங்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காட்டுவதும், பழைய விவரங்களைப் பரிமாறிக்கொள்வதும் அவர்கள் வழக்கம்.

இவ்வேலை எளிதன்று. முன்பக்க விளக்குக்கும் எஞ்சினுக்கும் காடிலாக் உதிரி பாகம் தேடினால் கிடைக்கலாம். ஆனால் நீண்ட பக்கக் கண்ணாடியோ பின்கதவோ உடைந்தால், அதைச் செய்த பட்டறையே இன்று இல்லை. அதே போன்ற மற்றொரு பழைய வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். இல்லையேல் கையால் செய்ய வேண்டும். முற்காலத்து வண்டிகளின் மரச்சட்டம் உள்ளே உளுத்துப்போயிருக்கும். வெளித்தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். இருபது அடிக்கு மேல் நீண்ட வண்டியை நிறுத்தச் சாதாரண வீட்டுக் கொட்டகை போதாது. அண்டை வீட்டாரின் முணுமுணுப்பையும் தாங்க வேண்டும். எலும்புக்கூட்டு வேடிக்கைகளால் இவ்வண்டிகளை அலங்கரிப்போரும் உண்டு. ஆனால் அக்கறையுள்ள சேகரிப்பாளர்கள் அதை விரும்புவதில்லை. இது யாரோ ஒருவரின் தாய் கடைசியாகப் பயணம் செய்த வண்டி என்பது அவர்கள் சொல்லும் நியாயம்.

பார்சலோனாவின் குதிரை வண்டிகள் தப்பியதும் மகிழ்ச்சிக்குரியது. 1970-இல் அவை ஓரிடத்தில் மக்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2013 முதல் மோன்ஜுயிக் குன்றின் கல்லறைத் தோட்டத்தில், முன்பு தாம் சென்றுவந்த இடத்திலேயே, அவை நிற்கின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1992-இல் அடக்கச் சடங்கு வரலாற்றுக்கென ஒரு தேசிய காட்சியகம் திறக்கப்பட்டது. மேலே சொன்ன 1916-ஆம் ஆண்டு அடக்கப் பேருந்து அங்குதான் உள்ளது. பாப்பரசர்களின் அடக்கச் சடங்கைப் பற்றிய தனிப் பகுதியும் அங்கே உண்டு.

நம் உள்ளத்தை மிகவும் தொட்டது இங்கிலாந்தின் ஒரு ரயில் பெட்டி. 132 என்ற எண் கொண்ட அந்தச் சாமான் வண்டி 1919-இல் செய்யப்பட்டது. பெல்ஜியத்தில் சிக்கிக்கொண்ட போர்வீரர்கள் தப்பிச் செல்ல உதவியதற்காக 1915-இல் சுட்டுக் கொல்லப்பட்ட செவிலி எடித் கேவலின் உடலை 1919 மே மாதம் டோவர் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குச் சுமந்து வந்தது அதுவே. அடுத்த ஆண்டு நவம்பரில், பெயர் தெரியாத போர்வீரர் ஒருவரின் உடலையும் அது சுமந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அரசர்கள் நடுவே அடக்கம் பெற்ற அந்த அநாமதேய வீரர், மகனைத் திரும்பப் பெறாத ஆயிரமாயிரம் தாய்மாருக்கு மகனானார். வழியில் நின்ற மக்கள் அடையாளம் காண்பதற்காகப் பெட்டியின் கூரைக்கு வெள்ளை வர்ணம் பூசியிருந்தனர். அதன்பின் பல்லாண்டுகள் அது சாதாரணச் சாமான் பெட்டியாகவே ஓடியது. பின்னர் ஒரு பழைய ரயில்பாதைச் சங்கத்தார் அதை அடையாளங்கண்டு, பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2010-இல் பழைய நிலைக்குக் கொண்டுவந்தனர்.

காப்பதா? அழிப்பதா?

எல்லாவற்றையும் காக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியையும் நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதியாகிய ஜான் கென்னடி 1963 நவம்பர் 22-இல் டல்லாஸ் நகரில் சுடப்பட்டார். மருத்துவமனையில் அருட்தந்தை ஆஸ்கார் ஹியூபர் அவருக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அங்கிருந்து விமான நிலையம் வரை அவர் உடலைச் சுமந்தது மில்லர்-மீட்டியர் பட்டறையில் செய்த ஒரு வெள்ளை காடிலாக். தலைநகர் சேர்ந்த பின், சாம்பல் நிறக் கப்பற்படை ஆம்புலன்ஸ் ஒன்று சுமந்தது. விதவையான மனைவி அதே வண்டியில் உடலின் அருகே அமர்ந்து சென்றார்.

இவ்விரண்டு வண்டிகளின் முடிவும் வேறு வேறு. டல்லாஸ் வண்டி 2012-இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்கு விலைபோயிற்று. சாம்பல் நிற ஆம்புலன்ஸ் கென்னடி நினைவு நூலகத்தாரிடம் வந்து சேர்ந்தது. குடும்பத்தாரின் விருப்பப்படி 1986-இல் இயந்திரத்தில் இட்டு நசுக்கப்பட்டது. கண்ணீரை யாரும் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனால் 2011-இல் அதே ஆம்புலன்ஸ் என்று சொல்லி வேறொன்று ஏலத்திற்கு வந்தது. உண்மையான வண்டி எப்போதோ நசுக்கப்பட்டுவிட்டது என்ற மறுப்பு எழுந்தும், அது 1,20,000 டாலருக்கு விற்கப்பட்டது. காத்து வைத்தால் விலைபேசுவார்கள். அழித்துவிட்டால் போலி தலையெடுக்கும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. துக்கப்பட்டவர் உயிரோடு இருக்கும்வரை அவர் சொல்லே முதன்மையானது என்பதும், அதன்பின் அப்பொருள் ஊராரின் நினைவுக்குரியது என்பதும் எமது தாழ்மையான கருத்து.

திருச்சபையும் ஊர்திகளும்

நம் திருச்சபையும் இவ்வகையில் பின்தங்கியிருக்கவில்லை. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1973-இல் வத்திக்கான் காட்சியகத்தில் ஊர்திகளுக்கென ஒரு மண்டபம் அமைத்தார். பாப்பரசர்களின் பழைய குதிரை வண்டிகளும், தூக்கு நாற்காலிகளும், முதல் மோட்டார் கார்களும் அங்கே உள்ளன. 1981 மே 13-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் சுடப்பட்டபோது அவர் நின்றிருந்த வெள்ளை ஃபியட் வண்டியும் அங்கு பாதுகாக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் ஒரு நாளை மறக்க முடியாது. 1997 செப்டம்பர் 13-இல் கல்கத்தா வீதிகளில் அன்னை தெரேசாவின் உடல் இராணுவப் பீரங்கி வண்டியில் சென்றது. காந்தியடிகளையும் நேருவையும் சுமந்த அதே வண்டி என்று செய்தித்தாள்கள் அன்று எழுதின. தெருவோரத்தில் கிடந்து இறந்தவர்களைக் கையால் தூக்கியவருக்கு நாடு தன் மிக உயர்ந்த வண்டியைத் தந்தது.

2025 ஏப்ரல் 26-இல் பாப்பரசர் பிரான்சிஸின் உடல் புனித இராயப்பர் பேராலயத்திலிருந்து புனித மரியன்னை பேராலயத்திற்கு உரோமை வீதிகள் வழியே சென்றது. சவப்பெட்டியைச் சுமந்தது தனிச் சவ வண்டி அன்று. மக்கள் நடுவே அவர் நின்று ஆசீர்வதித்துச் சென்ற திறந்த வெள்ளை ஊர்திகளில் ஒன்றையே அதற்கென மாற்றி அமைத்திருந்தனர். உயிரோடு மக்களைச் சந்தித்த வண்டியிலேயே அவர் விடைபெற்றார்.

நம் கொட்டகையை நோக்கி

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நம் பங்குகளில் ‘தூம்பா’ என்று வழங்கும் சொல் போர்த்துக்கீசியரோடு வந்தது. அவர்கள் மொழியில் அது கல்லறையையும், சடலம் சுமக்கும் பாடையையும் குறிக்கும். அச்சொல்லோடு சேர்ந்து, பொதுவான பெட்டியும், தோளில் தூக்கும் சட்டமும், கையால் தள்ளும் வண்டியும் பல பங்குகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தன. ஏழை என்றும் செல்வர் என்றும் பாராமல் ஊரார் அனைவரையும் ஒரே வண்டி சுமந்த இடங்கள் உண்டு. பார்சலோனாவின் பொன்வண்டிகளைவிட அது மேலானது என்று சொன்னால் மிகையாகாது.

இப்போது அமரர் ஊர்திகள் வந்துவிட்டன. தொலைபேசியில் அழைத்தால் வருகின்றன. அது நல்லதே. ஆனால் விழாவை முன்னிட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது, பழைய வண்டியைப் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுக் கொடுக்கும் முன் ஒரு கணம் நிற்போம். ஈரமில்லாத இடத்தில் செங்கல் அடுக்கி அதன்மீது ஏற்றி வைத்தால் கறையான் எளிதில் அண்டாது. அதில் எழுதியுள்ள பழைய எழுத்துகளை மறைத்துப் புது வர்ணம் பூச வேண்டாம். அதைச் செய்த ஆசாரி யார், வாங்கிக் கொடுத்தவர் யார், கடைசியாக அதில் சென்றவர் யார் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, இறந்தோர் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒரு தாளில் எழுதி வைப்போம். அவ்வளவு செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். செய்யாவிட்டால், கேட்டு எழுத வேண்டிய பெரியவர்களையே அடுத்த வண்டி கொண்டு சென்றுவிடும்.

பகைவர்க்கு அஞ்சாமல் இரவில் மரித்தோரை அடக்கம் செய்த தோபித்தையும், நம் ஆண்டவருக்குத் தன் சொந்தக் கல்லறையை விட்டுக்கொடுத்த அரிமத்தியா ஊர் சூசையையும் நாம் போற்றுகிறோம். ஊர்ப்பெயர் தவிர வேறு சொத்தில்லாத நம் முன்னோரைக் கல்லறை வாசல் வரை பொறுமையுடன் சுமந்த அந்தப் பழைய வண்டியையும் சற்றே நன்றியோடு நினைப்போம். அதில் சென்ற அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அருள்வாராக.